முடி உதிராத நாய்

ஜூன் 8, சனி

வக்கீல் வரதராஜன் சொன்னதால் எழுதத் தொடங்குகிறேன். மிருதுளா என்னோடு இருக்கிற நாட்களில் என்ன சாப்பிட்டாள், எங்கே போனோம், என்ன பேசினோம் என்று அன்றன்றே எழுதி வைக்க வேண்டுமாம். மாதத்தில் இரண்டாம், நான்காம் சனி ஞாயிறு மட்டும்தான் கோர்ட் எனக்குக் கொடுத்திருக்கிறது. பள்ளி விடுமுறையிலும் பாதி வேண்டும் என்று கேட்பதானால், நான் எப்படிப்பட்ட அப்பா என்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்றார்.

ஆகவே எழுதுகிறேன். காலையில் திருப்பூர் போய் மாமனார் வீட்டு வாசலில் நின்று மகளைக் கூட்டி வந்தேன். அவள் அம்மா சுகன்யா வெளியே வரவில்லை. இன்ஹேலர் இருந்த பையை மாமனார் கொண்டுவந்து கொடுத்தார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்த வீசிங் எங்கிருந்து வந்ததோ. என் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

மதியம் பிரியாணி வாங்கினேன். கொஞ்சம்தான் சாப்பிட்டாள். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். கடைக்குப் போகலாமா என்றேன், வேண்டாம் என்றாள். படத்துக்கு? அதுவும் வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கே தாத்தா வீட்டுக்குப் போயிரலாமாப்பா?" என்று கேட்டாள்.

பால்கனியில் சற்று நின்றுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கீழே பூங்காவில் இரண்டாம் மாடிக்காரர் தன் நாயோடு வந்திருந்தார். மிருதுளா அதைப் பார்த்ததும் ஓடினாள். இருட்டுகிற வரை அதனோடு புல்லில் கிடந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது.

"நாய் வேணுமா மிரு?"

"தாத்தா விட மாட்டார்ப்பா. கேட்டுப் பாத்துட்டேன்."

திருப்பூரில் கிடைக்காத ஒன்று. இங்கே கிடைக்கலாம்.

ஜூன் 10, திங்கள்

சுகன்யாவுக்குப் போன் செய்தேன்.

"அவளுக்கு வீசிங் இருக்குதுங்க. நாய் எப்படிங்க வளர்க்கறது?"

"முடி உதிராத நாய் இருக்கு. பூடுல் கலப்பு. வெளிநாட்டுல ஆஸ்துமா இருக்கற வீட்டுலயே வளர்க்கறாங்க."

"நீங்க மாசத்துல பாதி நாள் டூர் போறீங்க. அத யாரு பாப்பா?"

"அத நான் பாத்துக்கறேன்."

"இப்படித்தான் எல்லாத்துக்கும் சொன்னீங்க" என்றாள். சண்டை போடுகிற குரல் இல்லை. அது இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. பம்ப்செட் விற்பனை அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு நாய் வகைகளைப் படித்தேன். மால்டீஸும் பூடுலும் சேர்ந்தால் மால்டிபூ. காக்கர் ஸ்பானியலும் பூடுலும் சேர்ந்தால் காக்கபூ. இரண்டுமே குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

ஜூன் 13, வியாழன்

கால்நடை மருத்துவர் ரேணுகாவிடம் போனேன், முறைப்படி ஆலோசனை கேட்டதாக இருக்கட்டும் என்று. அவர் நான் நினைத்தது போல் பேசவில்லை.

"அலர்ஜியே தராத நாய்னு ஒண்ணு கிடையாதுங்க. பூடுல் கலப்புக்கு முடி கம்மியா உதிரும், அவ்வளவுதான். சில குட்டி பூடுல் மாதிரி வரும், சிலது தாய் மாதிரி வரும். யாரும் உறுதி சொல்ல முடியாது."

"அப்ப என்ன பண்ணலாம்?"

"முதல்ல பாப்பாவ நாயோட ஒரு மணி நேரம் உக்கார வெச்சுப் பாருங்க. குட்டியோட தாயையும் பாருங்க. தாய் பயந்த சுபாவமா இருந்தா குட்டியும் அப்படி இருக்கும். அப்புறம், உதிராத முடி தானா போகாது. தினம் சீவணும், மாசாமாசம் வெட்டணும். விட்டா சிக்குப் பிடிச்சு தோலை இழுக்கும். வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

"நான்தான்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது தனியா இருக்கற நாய் இல்லைங்க. ஆள் இல்லாட்டி ஏங்கிப் போயிரும். யோசிச்சுச் செய்யுங்க." பிறகு எழுதிக்கொண்டே, "வீட்ல யாரும் சிகரெட் பிடிக்கறதில்லையே?" என்றார்.

இல்லை என்றேன். வீட்டுக்குள் கிடையாது என்பது உண்மைதான். கோர்ட்டில் கவுன்சலிங் அம்மாவிடமும் இதையேதான் சொன்னேன்.

ஜூன் 22, சனி

நல்ல நாள்.

அன்னூர்ப் பக்கம் ஜெரால்டு என்பவர் தோட்டத்தில் நாய் வளர்த்து விற்கிறார். மிருதுளாவை நேராக அங்கே கூட்டிப்போனேன். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. கேட்டில் குரைப்பு கேட்டதும் என் கையைப் பிடித்தாள். அவளாகவே பிடித்தாள்.

எனக்குப் பிடித்தது வெள்ளை மால்டிபூ. பஞ்சு பொம்மை மாதிரி இருந்தது, போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். மிருதுளா அதைத் தடவிவிட்டு நகர்ந்தாள். பக்கத்துக் கூண்டில் காக்கபூ குட்டிகள் மூன்று, வெல்ல நிறம். இரண்டு ஒன்றையொன்று கடித்து உருண்டன. மூன்றாவது வந்து அவள் செருப்பு வாரை முகர்ந்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தது.

"இதுப்பா."

"வெள்ளை அழகா இருக்கே மிரு."

"அது எல்லாருகிட்டயும் போகுது. இது என்கிட்ட வந்துச்சு."

தாயைக் காட்டச் சொன்னேன். ஜெரால்டு சற்றுத் தயங்கித்தான் கூட்டி வந்தார். ஒல்லியாக இருந்தது, ஆனால் மிருதுளாவின் கையை நக்கியது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே உட்கார வைத்தேன். இருமல் இல்லை, இளைப்பு இல்லை. மாமரத்தடியில் நல்ல காற்று.

காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். சுருட்டைச் சுருட்டையாக முடி இருப்பதால் சேமியா என்று பெயர் வைத்திருக்கிறாள். திருப்பூர் போகலாமா என்று கேட்கவே இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

திருப்பூரில் இறங்கும்போது அழுதாள். பிரிய மனமில்லாமல் அழுதாள் என்று குறித்துக்கொள்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

நாய் கால்மிதியில் மூத்திரம் போய்விட்டது. மாற்றி வைத்தேன். அதிலும் போய்விட்டது.

ஜூலை 5, வெள்ளி

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் மிருதுளா போன் செய்கிறாள். இத்தனை நாளும் நான்தான் அழைத்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் வருகிறாள். "போனைக் கீழ புடிங்கப்பா, சேமியா தெரியல" என்கிறாள். கீழே பிடிக்கிறேன். அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நான் மேலே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் அலுவலகம் போனதும் அது ஊளையிடுகிறதாம். எதிர் வீட்டு அம்மா புகார் சொன்னார். வேலைக்கு வரும் சரோஜாவை மதியம் வரை இருக்கச் சொல்லியிருக்கிறேன். சீவும்போது காதுக்குப் பின்னால் சிக்கு. பொறுமையாகப் பிரித்தால் அசையாமல் நிற்கிறது. பால்கனிக்கு நான் போனால் கூடவே வந்து என் பாதத்தின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. எவ்வளவு நேரம் நின்றாலும் எழுந்திருப்பதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று முழுக்க நன்றாக இருந்தாள். நாயைக் குளிப்பாட்டினோம், இரண்டு பேரும் நனைந்தோம். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாயைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

இன்று காலையிலிருந்து சாரல். பால்கனிக் கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே அடிக்கிறது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். மதியத்துக்கு மேல் மிருதுளாவுக்கு நெஞ்சில் கொஞ்சம் விசில் சத்தம். இன்ஹேலர் எடுத்ததும் சரியாகிவிட்டது.

"அம்மாகிட்ட இதச் சொன்னா பயந்துக்குவாங்க" என்றேன். சொல்லாதே என்று சொல்லவில்லை.

"சொல்ல மாட்டேன்ப்பா" என்றாள். முகத்தைத் திருப்பி நாயின் முதுகில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

மழை விடவே இல்லை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சாயங்காலம் நான் சமையலறையிலிருந்து வந்தேன், நாய் என் பின்னாலேயே வந்து சோபாவில் அவள் மேல் ஏறியது. அவள் அதைக் கட்டிக்கொண்டு படுத்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. இன்ஹேலர் அடித்தும் கேட்கவில்லை. பேச வரவில்லை. உதடு நிறம் மாறியது.

தூக்கிக்கொண்டு ஓடினேன். பக்கத்து ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து ஊசி போட்டார்கள். சுகன்யா திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தபோது மிருதுளா ஆக்சிஜன் மாஸ்க்கோடு தூங்கிக்கொண்டிருந்தாள். சுகன்யா நேராகக் கட்டிலுக்குப் போனாள். மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெஞ்சுநோய் மருத்துவர் வந்து விசாரித்தார். புதிதாக வீட்டில் ஏதாவது? நாய், என்றேன் உடனே. நாய்தான் டாக்டர், ஒரு மாசமாச்சு. யாராவது புகைபிடிப்பதுண்டா என்றார்.

"விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

சுகன்யா நிமிர்ந்து என் சட்டையைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

எதனால் என்று தெரிய ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை நாயை விட்டுத் தள்ளி இருக்கட்டும் என்றார் மருத்துவர். மிருதுளா கண் விழித்ததும் மாஸ்க்கை விலக்கி முதலில் கேட்டது, "சேமியாவுக்கு யாரு சோறு வெச்சாங்க?"

ஜூலை 30, செவ்வாய்

வரதராஜன் கவலைப்படுகிறார். ஆஸ்பத்திரி விவரம் கோர்ட்டுக்குப் போனால் இருக்கிற நாட்களும் போய்விடும் என்கிறார். நான் உடனடியாக நடவடிக்கை எடுத்ததாகக் காட்ட வேண்டும்.

ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. நாய் வந்தது, இளைப்பு வந்தது. இதில் பரிசோதிக்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 1, வியாழன்

நாயை எங்கள் கம்பெனியின் பொள்ளாச்சி டீலர் நாகமாணிக்கம் வீட்டில் கொடுத்துவிட்டேன். பெரிய வீடு, முன்னால் தோட்டம், எப்போதும் ஆள் இருக்கிறது, சின்னப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நல்ல இடம். நாகமாணிக்கத்தின் மனைவி செல்வநாயகி, "இவ்வளவு நல்ல நாய ஏனுங்கண்ணா குடுக்கறீங்க?" என்றார். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

கார் கதவைத் திறந்ததும் அது எனக்கு முன்னால் இறங்கி, நான் இறங்குவதற்காக நின்றது.

திரும்பி வரும்போது கிணத்துக்கடவில் வண்டியை ஓரங்கட்டினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மிருதுளா அழைத்தாள். நேற்றும் அழைத்தாள், எடுக்கவில்லை. இன்று எடுத்தேன். சேமியா எங்கே என்றாள். முடி வெட்ட விட்டிருக்கிறேன் என்றேன். "ரொம்பக் குட்டையா வெட்ட வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 7, புதன்

சுகன்யாவே போன் செய்தாள்.

"ரிசல்ட் வந்துருச்சுங்க. நாய்க்கு அலர்ஜி இல்ல. தூசிக்குக் கொஞ்சம் இருக்கு, அது பயப்படற மாதிரி இல்லையாம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்க மாட்டீங்களா? புகைங்கறார். மூடின வீட்டுல புகை. இங்க அவளுக்கு ஒரு தடவை கூட இப்படி வந்ததில்ல."

"சுகன்யா, நான் வீட்டுக்குள்ள..."

"வேண்டாங்க. என்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். அவ வரும்போது மட்டுமாச்சும் தொடாம இருங்க. நான் கோர்ட்டுக்கெல்லாம் போகல. அந்த நாய் வந்ததுக்கப்புறம்தான் அவ உங்க வீட்டுக்கு ஆசையா கெளம்பறா. அதக் கெடுக்க எனக்கு மனசில்ல. சேமியா இருக்கலாம்னு சொல்லிட்டேன். ஒரே சந்தோஷம். கழுத்துப் பட்டை வாங்கக் கடைக்குப் போயிருக்கா."

கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

விடுப்பு போட்டுவிட்டுப் பொள்ளாச்சி போனேன்.

நாய் நாகமாணிக்கத்தின் மகள் மடியில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு எட்டு வயதிருக்கும், பெயர் ஓவியா. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து வாலை ஆட்டியது, ஆனால் இறங்கி வரவில்லை.

செல்வநாயகி காபி கொடுத்தார். தப்பாக எதுவும் நினைத்துச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்: "அங்க யாருண்ணா அவ்வளவு சிகரெட்டு குடிக்கறது? முடியெல்லாம் அந்த நாத்தம். குளிப்பாட்டிக் குளிப்பாட்டிப் பாத்தோம், போகல. ஓவியா பக்கத்துல படுக்க மாட்டேன்னுட்டா. அதான் மொத்தமா வழிச்சுட்டோம்."

நாகமாணிக்கம் என்னைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தார். எத்தனையோ டீலர் மீட்டிங்கில் என்னோடு வெளியே வந்து நின்றவர் அவர்.

நாயைத் திருப்பிக் கேட்டேன். என் பெண் ஏங்குகிறாள் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க புள்ளையும் பழகிருச்சுங்க. போன வாரம் குடுத்து இந்த வாரம் திருப்பி வாங்கறதுக்கு அது பம்ப்செட் இல்லீங்களே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஜெரால்டுக்குப் போன் செய்து அதே நிறத்தில் குட்டி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

சிவப்புக் கழுத்துப் பட்டை, அதில் ஒரு சின்ன மணி. காரில் ஏறியதிலிருந்து அதைக் கையில் சுற்றி ஆட்டிக்கொண்டே வந்தாள். அவிநாசி தாண்டியதும் சொன்னேன்.

"சேமியா நம்ம வீட்டுல இல்ல மிரு. வேற ஒருத்தங்க வீட்டுல இருக்கு. அப்பா உனக்காகத்தான்..."

மணிச் சத்தம் நின்றது.

"எப்பக் குடுத்தீங்க?"

"நீ ஆஸ்பத்திரில இருந்து வந்ததுக்கப்புறம்."

"முடி வெட்டப் போயிருக்குன்னீங்க."

ரொம்ப தூரம் வந்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

"எனக்கு நாயால வரலன்னு எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா. நீங்க சமையல்ரூம்ல இருந்து வந்தாதான் வரும். முன்னாடி நாம எல்லாரும் ஒண்ணா இருந்தப்பவும் அப்படித்தான் வரும்."

"ஏம்மா அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. அப்புறம் சேமியாவ எப்படிப் பாக்கறது?"

நாயைச் சொல்லிவிட்டு அடுத்து என்னையும் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"அவங்க வீடு எங்க இருக்கு?"

"பொள்ளாச்சி. கேட்டுப் பாத்தேம்மா, திருப்பித் தர மாட்டேங்கறாங்க."

"வாங்கிட்டு வர வேண்டாம். பாக்கணும்."

பொள்ளாச்சி போனோம். இவள் குரலைக் கேட்டதும் அது ஓவியாவின் மடியிலிருந்து குதித்து வந்தது. இவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதன் மேலெல்லாம் முகர்ந்து பார்த்தாள். பிறகு கழுத்துப் பட்டையைக் கட்டினாள். பெரிதாக இருந்தது, ஓவியா ஓடிப்போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து அளவு பார்த்து வெட்டினார்கள்.

மதியம் அங்கேயே சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். என் வீட்டில் அப்படிக் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வரதராஜன் குறிப்புகளை அனுப்பச் சொன்னார், விடுமுறை மனுவுக்கு. இப்போது வேண்டாம் என்றேன். ஏன் என்றார். சுகன்யா தகராறு எதுவும் பண்ணவில்லை என்றேன். "அப்ப நமக்கு நல்லதுதானே?" என்றார்.

சிகரெட் வாங்கவில்லை. மதியம் வரை.

ஆகஸ்ட் 24, சனி

திருப்பூரில் கூப்பிடப் போனபோது சுகன்யா வாசலுக்கு வந்தாள். "ராத்திரி தங்க வேண்டாம்னு அவளே சொல்றா. நான் சொல்லிக் குடுக்கல. சாயங்காலம் கொண்டுவந்து விட்டுருங்க" என்றாள். கோர்ட் உத்தரவில் ஞாயிறு வரை இருக்கிறது என்று நான் சொல்லலாம். சொல்லவில்லை. மிருதுளா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஜன்னல்களை இறக்கிவிட்டாள். வழி முழுக்கக் காற்று இரைச்சலில் பேச முடியவில்லை.

எங்கே போகிறோம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இனி அவள் வருகிற சனிக்கிழமைகள் இப்படித்தான் என்று தெரிகிறது. அவள் இறங்குவதற்கு முன்பே ஓவியா கேட்டைத் திறந்து நின்றாள். நாய் குதித்துக் குதித்துக் குரைத்தது. மிருதுளா ஓடினாள், சிரித்தாள், மூச்சு வாங்கியது. ஓடினால் எந்தப் பிள்ளைக்கும் வாங்குகிற மூச்சுதான்.

செல்வநாயகி வாசலுக்கு வந்து, "ஏனுங்கண்ணா அங்கயே நின்னுட்டீங்க, உள்ள வாங்க. காபி வெக்கறேன்" என்றார்.

நான் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றப் போனேன்.

"அப்பா வெளியவே இருக்கட்டும் ஆன்ட்டி" என்றாள் மிருதுளா.

கோபமாகச் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. செல்வநாயகி ஒரு நிமிஷம் திகைத்து என் முகத்தைப் பார்த்தார். பரவாயில்லைங்க, எனக்கு ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது என்றேன்.

மிருதுளா திரும்பி வந்து, நாய் ரோட்டுக்கு ஓடிவிடக் கூடாது என்று கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனாள்.